நர்ஸ் ஒபியாகேலியின் முத்திரை

"ஒரே ஒரு எழுத்தும்மா. கண்ணை மூடிக்கிட்டு மாத்தி எழுதிடுங்க. கல்யாணத்துக்கு ஒன்பதே நாள்தான் இருக்கு."

சோமாதீனா மேஜை மேல் கவிழ்ந்து அழுதாள். லேபில் கொடுத்த ரத்தச் சோதனைச் சீட்டு அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

நர்ஸ் ஒபியாகேலி சபைப் படிவத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "அழுறதை அந்தப் பக்கமா திரும்பி அழு, மகளே. இருக்கிறது இந்த ஒரு படிவம்தான். ஜெராக்ஸ் மெஷின் ஈஸ்டர்லேருந்து உபவாசத்துல இருக்கு."

பெண் சிரிக்கவில்லை. ஒபியாகேலியின் நகைச்சுவைக்கு அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் யாரும் சிரிப்பதில்லை. மயக்க மருந்து ஏறியவர்கள் மட்டும் எப்போதாவது சிரிப்பார்கள்.

எனுகு பக்கத்துச் சபைகளில் இந்தப் படிவம் இல்லாமல் போதகர் மோதிரம் மாற்றிவைக்க மாட்டார். பெண், மாப்பிள்ளை இரண்டு பேர் ரத்தமும் நோயின் கூறு ஒளிந்திருக்கும் 'ஏ.எஸ்.' வகை என்று வந்துவிட்டால், பிறக்கிற பிள்ளைக்கு அரிவாள் செல் நோய் வரலாம். கல்யாணம் அத்தோடு நின்றுவிடும். மாப்பிள்ளை லோத்தன்னாவுக்குப் போன வாரம் ஏ.எஸ். என்று எழுதி முத்திரை குத்தியவளே ஒபியாகேலிதான். பெண் ரத்தம் குறையில்லாத 'ஏ.ஏ.' என்றால் தடையில்லை.

"லோத்தன்னா கெட்டிக்காரப் பையன். சபை மூப்பர் மகன், பாட்டுக் குழுவையே அவன்தான் நடத்துறான். யாராவது சுதி தப்பினா கோபம் வரும், அவ்வளவுதான். ஊர் முன்னால முழங்கால் போட்டு அவன் கையில கள்ளுக் குவளையைக் கொடுத்து, இவன்தான் என் மாப்பிள்ளைன்னு காட்டிட்டே. உங்க வீட்டுல ஆடுகூட வாங்கிக் கட்டியாச்சாமே. உன் வருத்தம் எனக்குப் புரியாதா?"

சோமாதீனா நிமிர்ந்தாள். "ஏ.எஸ்.னு எழுதினா போதகர் கட்டாயம் நிறுத்திடுவாராம்மா? அவங்கப்பா மூப்பரா இருந்தாக்கூடவா?"

"பிஷப்பே மாப்பிள்ளையா வந்து நின்னாலும் நிறுத்துவார். போன வருஷம் சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்தையே நிறுத்தலையா? யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. ரெண்டு வீட்டாரும் உக்காந்து சேர்ந்து அழுதாங்க, சேர்ந்து சாப்பிட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க. பொண்ணு மேலயும் பழி இல்லை, பையன் மேலயும் பழி இல்லை."

பெண்ணின் நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் கெடுத்துவிட்டோமே என்று ஒபியாகேலி தன் வாயையே நொந்துகொண்டாள்.

பொய் அவளுக்குப் புதிதல்ல. 'ஊசி வலிக்காது' என்று இருபத்தாறு வருஷமாகத் தினமும் சொல்கிறாள். சாயங்கால ஜெபத்தில் அன்றைய பொய்களுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவாள். ஆனால் முத்திரை குத்திச் சொன்ன பொய் இதுவரை ஒன்றுகூட இல்லை.

"என்னை ஊர்ல என்னன்னு கூப்பிடுறாங்க?"

"காம்சி அம்மான்னு."

"காம்சியை நீ பார்த்திருக்கியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"எப்படிப் பார்த்திருப்பே? ஒன்பது வயசுல போயிட்டான். எங்க காலத்துல இந்தப் படிவம் கிடையாது. நானும் ஏ.எஸ்., அவங்கப்பாவும் ஏ.எஸ். வலி வந்தா முழங்காலைக் கட்டிக்கிட்டு, 'அம்மா, நீ நர்ஸ்தானே, ஏதாவது செய்யேன்'னு கேப்பான். ஊருக்கெல்லாம் வலிக்காதுன்னு புளுகினவ, அவன்கிட்ட அந்த ஒரு புளுகைச் சொல்ல முடியலை."

சோமாதீனா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் ஒபியாகேலியின் உறுதி கொஞ்சம் ஆடித்தான் போனது. இந்தப் பெண் ஞாயிறு வகுப்பில் அவளிடம் சங்கீதம் படித்தவள். மனப்பாடமாகச் சொல்லி முடித்ததும் மிட்டாய் கேட்டுக் கை நீட்டியவள்.

ஒபியாகேலி பேனாவை எடுத்தாள். பெயரை எழுதினாள். பிறந்த தேதியை எழுதினாள். 'சோதனை முடிவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா அங்கேயே நின்றது.

ஆண்டவரே, இவள் ஆசையைப் பார்ப்பதா, நாளைக்கு இவள் மடியில் கிடந்து துடிக்கப்போகிற பிள்ளையைப் பார்ப்பதா? பக்கத்து வார்டில் யாரோ இருமினார்கள், அவ்வளவுதான்.

பேனாவை மூடினாள்.

"உன் கல்யாணத்துல இந்த இடுப்பை வச்சுக்கிட்டு ஆடணும்னு நான் புதுத் துணியெல்லாம் தைக்கக் கொடுத்திருக்கேன். ஆனா முடியாது மகளே. என்னைத் திட்டு, வேணும்னா அடி. ஏ.எஸ்.ஐ ஏ.ஏ.னு எழுத இந்தக் கை வராது."

சோமாதீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கசங்கிய சீட்டை மேஜை மேல் விரித்து, படிவத்தின் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வந்தது ஏ.ஏ.தாம்மா. அவர் என்னை அடிக்கிறார்னு சொன்னா யாரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டேங்கிறாங்க, ஏ.எஸ்.னு எழுதிடுங்க."