கபடிக்கு நடுவே ஒரு பெயர்

மாதா திருவிழாக் கபடியில் ஜெயிக்கும் அணி யாரைச் சொல்கிறதோ, அவருக்குப் பங்குக்கோயில் மூன்று சக்கர வண்டி கொடுக்கும். லூர்துவின் அணி கொடுத்திருப்பது நடக்க முடியாத அவன் தங்கை ரெஜினாவின் பெயரை. அறுப்பு முடிந்த வயலோரம் உட்கார்ந்து அவள் கண்கொட்டாமல் பார்க்கிறாள். இரண்டு அணியும் சமம்; இது கடைசி ரெய்டு. மாலை வெயிலில் வைக்கோல் தூசி மின்னுகிறது. கபடி பாடிப்போன லூர்து ஒருவனைத் தொட்டுத் திரும்பும்போது எதிரணியான நன்னிலத்துக்காரர்கள் மூன்று பேர் காலைக் கவ்வுகிறார்கள். "மாதாவே!" என்று அலறியபடி விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொடுகிறான். "கபடிய விட்டுட்டு மாதாவக் கூப்புட்டான், அவுட்டு!" என்று நன்னிலத்தார் கத்துகிறார்கள். "மாதா பேரச் சொன்னா அவுட்டாடா? நீங்களே சொல்லுங்க பாதர்!" நடுவராக நிற்கும் பாதர், வாயில் விசிலோடு ரெஜினாவை ஒருகணம் பார்க்கிறார். பிறகு மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டு, புள்ளி நன்னிலத்தாருக்கு என்று அவர்கள் பக்கம் கையை நீட்டுகிறார்.