ஆறு நாள் காவல்

விமான நிலையத்தின் சுகாதாரக் கவுன்டரில் இருந்த அதிகாரிக்கு 'லென்ஸ்' என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, கூட வேலை செய்தவர்கள் வைத்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை நீட்டினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், ஆளையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் சுவரில் இரண்டு பாராட்டுப் பத்திரங்கள் தொங்கின.

அன்று காலை மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்களின் வரிசை தடங்கலில்லாமல் நகர்ந்து, ஒரு லேத் பட்டறைக்காரரிடம் வந்து நின்றுபோனது.

"ஊசி எங்க போட்டீங்க?"

"அரசாங்க ஆஸ்பத்திரில சார். அட்டையிலேயே இருக்கு."

"முத்திரை கலங்கியிருக்கு. கையெழுத்து கோழிக் கிறுக்கலா இருக்கு."

"நர்சம்மா அன்னைக்கு எழுபது பேருக்குப் போட்டாங்க சார். கை ஓய்ஞ்சிருக்கும்."

அதிகாரி அட்டையைக் கீழே வைக்கவில்லை.

"சத்தியமா போட்டேன் சார். ரெண்டு நாள் காய்ச்சல். கையைத் தூக்க முடியாம பட்டறையையே பூட்டிட்டேன்."

அதிகாரி, பின்னால் தம்பியோடு நின்ற துணி வியாபாரியைப் பார்த்தார். "உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"எனக்கு ஒண்ணுமே ஆகலை சார். ஊசி போட்டதே தெரியலை." வியாபாரியின் பதில் கொஞ்சம் அவசரமாக வந்தது.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி.

பட்டறைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருடம் இரும்பில் அச்சு வெட்டிய கண் சும்மா இருக்கவில்லை. வியாபாரியின் கையிலிருந்த இரண்டு அட்டைகளையும் எட்டிப் பார்த்தார்.

"சார், அண்ணனோடதையும் தம்பியோடதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முத்திரை ரெண்டும் ஒரே சாய்வு. மை மெலிஞ்சது கூட ஒரே இடத்துல. கையால குத்தினா இப்படி விழாது. இது மிஷின்ல அடிச்சது."

வியாபாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி இரண்டு அட்டைகளையும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. அப்ப ரெண்டும் சரியா இருக்குன்னு அர்த்தம். உங்களதுதான் வேற மாதிரி இருக்கு."

அனுமதி முத்திரை இரண்டு தடவை விழுந்தது. அண்ணனும் தம்பியும் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள்.

பட்டறைக்காரரின் குரல் இறங்கியது. "சார், வெளிய எங்க மாப்பிள்ளை காத்திருக்கார். பொண்ணுக்கு இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். தாயில்லாத பொண்ணு. நான் ஒருத்தன்தான் அவளுக்கு."

"எனக்கும் பொண்ணு இருக்கு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் அதிகாரி. "ஆறு நாள் தனி அறை."

அந்த அறை சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலுக்கு இரட்டைக் கம்பிவலை, கட்டிலுக்குக் கொசுவலை, கதவுக்கு ஒரு காவலர். காலை, மதியம், மாலை என்று நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"உங்களைப் பாத்தா பொய் சொல்ற ஆளா தெரியலை," என்றாள் இரண்டாம் நாள். "ஆனா அவர் ஒரு தடவை முடிவு பண்ணிட்டா பண்ணினதுதான். நாங்க சொன்னா எடுபடாது."

தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார் பட்டறைக்காரர். 'ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்' என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டார். அதிகாரியே நேரில் வந்து அதை வாங்கிக்கொண்டார். "நானே சேத்துடறேன்," என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மாப்பிள்ளை கைபேசியில் கூப்பிட்டார். பேத்தி பிறந்த செய்தியைப் பட்டறைக்காரர் முதலில் சொன்னது காவலரிடம்தான். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை வழியாகவே வாழ்த்துச் சொன்னார்.

ஆறாம் நாள் அதிகாரியே வந்து கதவைத் திறந்தார். பெட்டியைக் கூடத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. என் வேலை அப்படி."

"உங்க மேல என்ன தப்பு சார். கண்டிப்பா இருக்கறவரைக் குத்தம் சொல்லக் கூடாது." பட்டறைக்காரர் தயங்கினார். "ஆனா ஊசி நான் நிஜமாவே போட்டுக்கிட்டேன் சார்."

"இருக்கலாம். இங்க வர நினைக்கற உங்க ஊர்க்காரங்க கிட்ட நடந்ததை அப்படியே சொல்லுங்க. அவங்களாவது கஷ்டப்படாம இருக்கட்டும்."

"பட்டறைக்கு வர ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்றேன் சார்." கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். மாப்பிள்ளையின் கார் நேராக மருத்துவமனைக்குப் பறந்தது.

கார் வளைவில் மறையும் வரை நின்றிருந்த அதிகாரி, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டறைக்காரரின் ஊரில் டிராவல்ஸ் நடத்தும் தன் மனைவியின் தம்பியைக் கைபேசியில் பிடித்தார்.

"மச்சான், நிஜ ஊசி போட்டுக்கிட்டு வந்த ஆளை ஆறு நாள் உள்ள வச்சு அனுப்பிட்டேன், இனிமே அங்க ஒருத்தனும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான், நீ நம்ம அட்டையில இன்னும் ரெண்டு கட்டு சேத்து அடிச்சு வை."