கீழறையின் ஜன்னல்

மினசோட்டாவில் அம்மா விட்டுப்போன வீடு. தரைக்கடியில் இருந்த கீழறையைப் படுக்கையறையாக்கி விற்கலாம் என்றான் வெண்டெல்.

"கொட்டுற காசுல பாதிகூடத் திரும்பாதுண்ணே" என்று சிரித்தான் தம்பி கர்ட். வெண்டெல் சுத்தியலால் அவன் மண்டையைப் பிளந்தான். வெளிச்சுவரை ஒட்டிப் புதுச் சுவர் எழுப்பி, இடுக்கில் அவனை நிறுத்தி மூடினான்.

விலை மதிப்பிட வந்த இங்க்ரிட், அளவு நாடாவைச் சுருட்டியபடி, வெண்டெல் நின்ற முற்றத்துக்கு வந்தாள்.

"தீப்பிடிச்சா தப்பிச்சு வெளியேற ஜன்னல் இல்லேன்னா அதைப் படுக்கையறையாச் சேர்க்க மாட்டோம். நல்லவேளை, வெச்சிருக்கீங்க. விலை ஏறும்."

"நான் ஜன்னலே வெக்கலியே!"

"புதுச் சுவர்லதான் சார் இருக்கு. கண்ணாடிதான் உடைஞ்சிருக்கு."

வெண்டெல் வீட்டின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். கண்ணாடிச் சில்லுகள் வெளியே பனியில் கிடந்தன. அங்கிருந்து ரத்தக் காலடிகள் சமையலறைக் கதவுவரை போயிருந்தன.

"உள்ள தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு நிக்கிறாரே உங்க தம்பி, சுத்தியல் கேட்டாரு" என்றாள் இங்க்ரிட். "எடுத்துக் குடுத்துட்டேன்."