பேர் இல்லாத பதினாறு பக்கம்

"திருட்டுன்னு சொல்லாம இதை வேற என்னன்னு சொல்றது சார்?"

பிரின்ஸ்பால் குமாரசாமியின் மேசை மேல் ரெண்டு காகிதத்தை வைத்தாள் நதியா.

ஒன்று, அவளுக்குப் பாடம் எடுக்கிற கந்தவேல் சாரின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம். இன்னொன்று, அவள் அம்மா கருத்தம்மாவின் கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம்.

ரெண்டிலும் ஒரே வரி. 'கறை எடுக்கிற மருந்து அடிச்ச பிள்ளைக்கு மத்தியானம் மயக்கம். பஞ்சு தொண்டையில கூடு கட்டுது.'

கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. யாருக்கு என்றைக்கு என்ன உடம்புக்கு வந்தது என்று எட்டு வருசமாக எழுதி வைத்திருந்தாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரிடம் சொல்ல அந்த நோட்டுத்தான் ஆதாரம்.

போன வருசம் கந்தவேல் சார் ஆராய்ச்சிக்காக விசாரிக்க வீட்டுக்கு வந்தார். நதியாதான் காப்பி போட்டுக் கொடுத்தாள். நோட்டை வாங்கிப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, சாயந்தரமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது காலேஜ் லைப்ரரியில் இருக்கிற அவர் புத்தகத்தில் பதினாறு பக்கம் அந்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்து அடியிலும் 'ஒரு பெண் தொழிலாளியின் குறிப்பு' என்று இருக்கிறது. பேரைக் காணோம்.

ப்ராஜெக்டில் ரெண்டு பத்தியைப் பேர் போடாமல் எழுதிவிட்டாள் என்று நதியாவுக்கு முட்டை மார்க் போட்டவரும் இதே கந்தவேல் சார்தான். "அடுத்தவங்க எழுதுன ஒரு வரியை எடுத்தாலும் அவங்க பேரை அடியில போடோணும் கண்ணு. இல்லீன்னா அது களவு" என்று வகுப்பில் நிற்க வைத்துச் சொன்னார். அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பிரின்ஸ்பால் ஆள் விட்டார். கந்தவேல் வந்தார். காகிதத்தைப் பார்த்ததும் முகம் செத்துப் போனது.

"வெள்ளைக்காரன் புத்தகம்னா பேரு போடணும், வருசம் போடணும், பக்கம் போடணும். பனியன் கம்பெனிக்காரிக்கு மட்டும் பேரு கிடையாதா சார்?"

கந்தவேல் நோட்டுப் பக்கத்தைக் கையில் எடுத்தார்.

"இதை வேற யாருக்காச்சும் காட்டுனயா கண்ணு?"

"நேத்து சாயந்தரமே நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு."

"அம்மா பேரோடயா?"

"பேரு, கம்பெனி எல்லாம் போட்டுத்தான். ஏன், பயமா இருக்கா?"

கந்தவேல் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மாகிட்டச் சம்மதம் எழுதி வாங்குனீங்களா?" என்றார் பிரின்ஸ்பால்.

"வாங்கியிருக்கறனுங்க."

"அப்பறமென்ன, காட்டுங்க."

"யாருக்கும் காட்டறதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கறனுங்க."

நதியா சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கு சார் கதை. இதையும் எங்கிருந்தாவது எடுத்ததா?"

பிரின்ஸ்பாலுக்கும் கோபம் வந்தது. "மன்னிப்பு எழுதிக் குடுத்துருங்க கந்தவேல். இல்லீன்னா கமிட்டிக்குப் போகும். வேலை நிக்காது."

கந்தவேல் பேனாவை எடுத்தார். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்தவர் நேராக நோட்டீஸ் போர்டுக்கு ஓடினார், ஒட்டியிருந்ததைப் பிய்க்க.

"மாட்டிக்கிட்டாருடோய்!" என்று பிள்ளைகள் ஊளையிட்டார்கள்.

நதியாவின் வகுப்பில் படிக்கிற யுவன் அவள் பக்கத்தில் வந்தான். கருத்தம்மா வேலை பார்க்கிற கம்பெனி முதலாளியின் மகன்.

"சார் கிழிச்சா கிழிச்சுட்டுப் போறாருங்க நதியா. நேத்தே கேமரா செல்லுல எடுத்துட்டேன். ஊட்டுக்குப் போனதும் அப்பாகிட்டயும் காட்டுனேன். 'பாருங்கப்பா, நம்ம கம்பெனி அம்மா எவ்வளவு எழுதி வெச்சிருக்காங்க'ன்னு."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

மூணு மணிதான் ஆகியிருந்தது. ஆனால் வீடு திறந்திருந்தது.

கருத்தம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திறக்காத டிபன் பாக்ஸ். அதன் மேல், நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி. கம்பெனி மேசைக் காலில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பாள். வேலையை விட்டு நின்றால் ஒழிய யாரும் அதை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை.

நதியா அதைக் கவனிக்கவில்லை.

"அம்மா! அந்த ஆளு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டாரு. இனி அந்தப் புத்தகத்துல உன் பேரு வரும் பாரு!"

கருத்தம்மா மகள் முகத்தையே பார்த்தாள்.

"முதலாளி செல்லுல காட்டுனாரு. இது நீதானான்னு கேட்டாரு. ஆமான்னேன். எட்டு வருசமா என் சோத்தத் தின்னுக்கிட்டு உளவு பார்த்தியான்னு, கேட்டுக்கு வெளிய விட்டுட்டாரு."

நதியாவின் கண் அப்போதுதான் கத்தரியின் மேல் விழுந்தது.

"அம்மா... அந்த சார்..."

"அவர ஒண்ணும் சொல்லாத. பேரு போடாம எடுக்க மாட்டேன்னு மூணு தடவ வீட்டுக்கு நடந்தாரு அந்த மனுசன். 'பேரு வேணாம் சார், என் மகளுக்குக்கூடத் தெரிய வேணாம், பெருமையில ஊருக்கே சொல்லிப்புடுவா'ன்னு கும்பிட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான்தான் ஆத்தா."