ஓரகத்தி வீட்டுக் கேன்

"பாத்தீங்களா, இன்னிக்கும் அவ வாசல்ல நாலு கேன் இறங்குது. நமக்கு ஒரு சொம்பாவது உண்டா?"

பெரியவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அடுத்த வீட்டில் இருப்பது அவள் கணவரின் தம்பி குடும்பம். தெருவுக்குப் பின்னால் எரிவாயு எடுக்கத் துளை போட்டதிலிருந்து, கம்பெனி ஆட்கள் கேட்டவர் வீட்டுத் தண்ணீரையெல்லாம் சோதித்துக் கொடுத்தார்கள். ஓரகத்தி கொடுத்த தண்ணீரில் ரசாயனம் கலந்திருக்கிறதாம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, ஆனால் குடிக்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் கேன் தண்ணீர் வீடு தேடி வருகிறது. நலம் விசாரிக்க அதிகாரி வேறு காரில் வந்து போகிறார்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மாமியாரின் வளையலும் அவளுக்கு, காற்று வரும் வீடும் அவளுக்கு. இப்போது தண்ணீருமா?

ஓரகத்தியே ஒரு நாள் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். இவள் போடும் பிச்சை யாருக்கு வேண்டும் என்று பெரியவள் திருப்பி அனுப்பிவிட்டாள். வாங்கிக்கொள்ளேன் என்று கணவர் கெஞ்சியதில் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"தம்பி பொண்டாட்டி கொடுத்தா உங்களுக்கு அமிர்தமா இருக்குமே" என்று அவர் வாயை அடைத்தாள்.

போதாததற்குப் பிள்ளைகள் இரண்டும் தாகமெடுத்தால் சித்தி வீட்டுக்குத்தான் ஓடின. என்ன சொக்குப்பொடி போட்டாளோ என்று பெரியவள் பொருமினாள்.

கடைசியில் கணவர் கம்பெனிக்கு நடையாய் நடந்து, சோதனை செய்பவரைத் தங்கள் வீட்டுக்கும் வரவழைத்தார். வந்தவர் ஒரு பாட்டிலைக் கொடுத்து, மறுநாள் காலையில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நம் தண்ணீர் நல்லது என்று வந்துவிட்டால் கேன் ஏது? பெரியவள் யோசித்தாள். காலையில் ஓரகத்தி கடைக்குக் கிளம்பியதும், பின்பக்கமாகப் போய் அவள் வீட்டுக் குழாயிலேயே பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் சோதனைக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். "உங்க தண்ணில ஒண்ணுமே இல்லைங்க. தாராளமாக் குடிக்கலாம்."

பெரியவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவள் கொடுத்தால் கெட்ட தண்ணீர், அதையே நான் கொடுத்தால் நல்ல தண்ணீரா? கம்பெனிக்காரர்களையும் கைக்குள் போட்டுக்கொண்டாளா?

சோதனைக்காரர் போனதும் கணவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு டம்ளர் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

"இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு" என்றார். "முதல் சோதனை அன்னைக்கு தம்பி வீட்டு மோட்டார் ஓடலைன்னு, அவன் பொண்டாட்டி பாட்டில்ல நான்தான் நம்ம குழாய்த் தண்ணியப் பிடிச்சுக் கொடுத்தேன். அது கெட்டதுன்னு வந்ததும் ஆடிப் போயிட்டேன். உங்கிட்ட சொன்னா, அவளுக்கு ஏன் எடுபிடி வேலை பாக்கறீங்கன்னு சண்டைக்கு வருவே. அதான் பிள்ளைங்களை மட்டும் சித்தி வீட்ல குடிக்கச் சொன்னேன். இப்ப பாரு, முதல்ல பண்ணின சோதனைதான் தப்பு."

பெரியவள் பாய்ந்து வந்து பிள்ளைகளின் கையிலிருந்த டம்ளர்களைத் தட்டிவிட்டாள்.