பிரிக்காத பெட்டி

“ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்தானா?”

“ஆமா.”

“கட்டிலும் ஒண்ணுதான் இருக்கு.”

“நான் கீழ படுத்துக்குவேன்,” என்றான் கேவான். கீழே வெறும் சிமென்ட் தரை.

போன மாதம் அடைக்கல அலுவலகத்தில் அதிகாரி கேட்ட அதே கேள்விகள். அவரிடம் கேவானும் பெத்ராமும் உண்மையைச் சொன்னார்கள், அவர் நம்பவில்லை. இன்று சொல்வது பொய், இதை நம்பிவிட வேண்டும். கேட்பது பெத்ராமின் அம்மா மஹ்லகா.

ஈரானிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில், ஒரு போன்கூடச் செய்யாமல், துருக்கியின் டெனிஸ்லிக்கு வந்து இறங்கியிருந்தாள். மடியில் ஓர் இனிப்புப் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பூங்கொத்து. பெத்ராம் பெட்டியின் நாடாவைத் தொட்டதும் கையில் பட்டென்று அடி விழுந்தது.

“உனக்கில்ல. கைய எடு.”

“சரி, டீயாவது போடுறேன்.”

“நீ உக்காரு. அந்தத் தம்பி கொண்டு வரட்டும்.”

பெத்ராம் உட்காரவில்லை. கேவானின் பின்னாலேயே சமையலறைக்கு ஓடினான்.

“பூவும் இனிப்பும் பாத்தியா? பொண்ணு கேக்கத்தான் அப்படிப் போவாங்க. இந்த ஊர்லயே ஏதோ நம்ம ஆளுங்க வீட்டுல அம்மா எனக்குப் பொண்ணு பாத்துட்டா.”

“வெறும் இனிப்புப் பெட்டிடா அது.”

“எனக்குத் தெரியும் அந்தப் பெட்டிய! மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒண்ணத் தூக்கிட்டு என்னை ஒரு வீட்டுக்கு இழுத்துட்டுப் போனா. பொண்ணு வீட்டுல சரின்னு சொன்னாத்தான் பெட்டியப் பிரிப்பாங்க. நான் அந்தப் பொண்ணத் தனியா பாத்து, ‘தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிடு’ன்னு கெஞ்சினேன். பிரிக்காமலே வீடு வந்து சேந்தோம்.”

“இந்தத் தடவை நானும் வரட்டா? பூவத் தூக்க ஆள் வேணுமே.”

“சிரிக்காத. நாளைக்கு இண்டர்வியூ. கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு அந்த ஆபீசுக்குத் தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுது.”

கேவானின் சிரிப்பு நின்றது. ‘நீங்கள் வெறும் அறை நண்பர்கள் இல்லை, ஜோடிதான் என்று சொல்ல ஒருவராவது உண்டா?’ என்று அதிகாரி கேட்டிருந்தார். யாரும் இல்லை. கேவானை அவன் வீட்டார் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். நாளையும் ஆள் இல்லையென்றால் இரண்டு பேரின் மனுவும் தனித்தனி. ஒருவன் அடைக்கலம் கிடைத்துக் கனடாவுக்குப் போகலாம், இன்னொருவன் திரும்ப ஈரானுக்கே அனுப்பப்படலாம். ஆணை நேசித்த ஆணுக்கு அங்கே சிறை, இல்லையென்றால் தூக்கு.

கேவான் டீத் தட்டை ஏந்தி வந்தான். மஹ்லகா சர்க்கரைக் கட்டியைப் பல்லில் இடுக்கிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

“நிறம் நல்லா இறங்கியிருக்கு. சமைப்பியா?”

“ஏதோ கொஞ்சம்.”

“இவன் வச்சா அடிச்சோறு கரியாப் போயிடுமே.”

“அதையும் தின்னுட்டு நல்லாருக்குன்னுதான் சொல்றேன்மா.”

“குறட்டை விடுவானே, எப்படித் தூங்குற?”

“சுவர் பக்கமாப் புரட்டிவிட்டா நின்னுடும்,” என்று சொன்ன பிறகுதான் கேவான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பெத்ராம் கண்களை மூடிக்கொண்டான்.

மஹ்லகா கிளாஸைக் கீழே வைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உன் தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா,” என்றாள் மகனைப் பார்க்காமலே. “நாளைக்கு அந்த ஆபீசுக்கு நானும் வரேன். என் பையனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு நானே என் வாயால சொல்லப் போறேன்.”

“அம்மா, உன் கால்ல விழறேன்…”

“நீ சும்மா இரு.”

அவள் எழுந்தாள். பூங்கொத்தைக் கேவானின் கையில் திணித்தாள். பெட்டியை அவன் முன்னால் வைத்தாள்.

“உனக்காகப் பேச இங்க பெரியவங்க யாரும் இல்லையாமேப்பா. அதான் உன்கிட்டயே கேக்குறேன். பெட்டியப் பிரிக்கலாமா?”