ரெண்டு முத்திரை

"யாரு, நானா அடுத்தவங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறேன்? சித்தப்பா, வீடியோவுல இருக்கிறது ஒண்ணும் என் கற்பனை இல்ல. அரசாங்க முத்திரையைக் கம்பெனிக்காரப் பொண்ணு கையில வெச்சுக்கிட்டு டப்பு டப்புன்னு குத்துறா. துறைமுகத்து கிளார்க் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறாரு. இதைக் கேட்டா நான் வாயாடியா? எனக்குக் கூட்டத்துக்கு நேரமாச்சு, வெக்கிறேன்."

போனை வெச்சுட்டா.

சித்தப்பா லாரி டிரைவர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அடிக்கிறதுதான் பொழப்பு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, யாரையும் ஒரு வாக்கியம் முழுசா முடிக்க விடாத அண்ணன் மகளுக்கு 'வக்கீலம்மா'ன்னு பேர் வெச்சதும் அவர்தான். அவ படிக்கிறது என்னவோ பொருளாதாரம், ரெண்டாம் வருஷம்.

காலேஜ்ல ஒரு கட்டுரை கேட்டிருந்தாங்க. அரசும் தனியாரும் கைகோத்தா துறைமுக நகரம் எப்படி வளரும்னு. எப்படித்தான் கோத்திருக்காங்கன்னு பார்க்க, போன வாரம் துறைமுகத்துக்கு நேர்லயே போனா. பார்த்ததை செல்போன்ல பிடிச்சுக்கிட்டு வந்துட்டா.

இன்னிக்கு அரசாங்கத் துறைமுகமும் ஒரு தனியார் கம்பெனியும் சேர்ந்து நடத்துற கூட்டுத் திட்டத்தோட முதலாம் ஆண்டுக் கூட்டம். பொதுமக்களும் கேள்வி கேக்கலாம்னு அறிவிச்சிருந்தாங்க.

மேடையில துறைமுகத் தலைவர் ஒரு ஓரம், கம்பெனி மேலாளர் ஒரு ஓரம். நடுவுல ஒரு காலி நாற்காலி. ஒரு வருஷமா ரெண்டு பேரும் எதுலயும் ஒத்துப்போனதில்ல. பேனர்ல யார் பேர் முதல்ல வரணும்னு வந்த தகராறுல, கடைசியில ரெண்டு பேனர் கட்டியிருந்தாங்க.

கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளா மைக்கைப் பிடிச்சா வக்கீலம்மா. வீடியோ பெரிய திரையில ஓடிச்சு.

கம்பெனி அறை. கம்பெனி நாற்காலி. அதுல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, சொந்த வீடு மாதிரி உக்காந்திருக்காரு துறைமுகத்து கிளார்க். பேப்பரைப் பார்த்துப் பார்த்து நகர்த்துறாரு. பக்கத்துல கம்பெனிக்காரப் பொண்ணு இந்தக் கையில கம்பெனி முத்திரை, அந்தக் கையில அரசாங்க முத்திரைன்னு மாத்தி மாத்திக் குத்துறா. நடுநடுவே சிரிப்பு வேற.

"இதுதான் நீங்க கைகோத்த லட்சணமா?"ன்னு கேட்டா. ஹால் கொல்லுன்னு சிரிச்சது.

கடைசி வரிசையில அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்த கிளார்க்குக்கு முகம் வெளுத்துப்போச்சு. எந்திரிச்சு, முத்திரை என்னோடது, தப்பும் என்னோடது, அந்தப் பொண்ணை விட்டுடுங்கன்னு மட்டும் சொன்னாரு.

தியாகத்துக்கெல்லாம் தனியா ஒரு கூட்டம் போடலாம், இப்ப உக்காருங்கன்னா இவ.

தலைவரும் மேலாளரும் காலி நாற்காலிக்கு மேல சாய்ஞ்சு குசுகுசுன்னு பேசினாங்க. ஒரே நிமிஷம். ஒரு வருஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு வெளிய வந்தது: கிளார்க்கும் அந்தப் பொண்ணும் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.

கைதட்டல்ல வக்கீலம்மா ஒரு சாண் வளந்துட்டா.

சூட்டோட சூடா தலைவர் திரையில ஒரு வரைபடத்தைப் போடச் சொன்னாரு. இந்த ரெண்டு பேரை வெச்சு எங்களை எடை போடாதீங்க, எங்க சாதனையைப் பாருங்கன்னாரு. முன்னாடி ஒரு லாரி துறைமுகத்துக்குள்ள போக ஆறு மணி நேரம் காத்துக் கிடக்கும். மூணு மாசமா இருபதே நிமிஷம். கப்பல் நேரத்துக்குக் கிளம்புது, புதுசா நாலு கம்பெனி இங்க சரக்கு அனுப்புது, கிடங்குல ஆள் எடுக்கிறாங்க. எல்லாம் எங்க ரெண்டு பேரோட ஒத்துழைப்புன்னு மேலாளர் முடிச்சுவெச்சாரு. அதுக்கும் கைதட்டினாங்க.

அப்பத்தான் சித்தப்பா மூச்சு வாங்க உள்ள வந்தாரு, லாரிச் சாவி கையிலயே இருந்தது.

"பதினோரு தடவை போன் அடிச்சேன்."

"சித்தப்பா, எல்லாம் முடிஞ்சுது. இவங்களை..."

"வக்கீலம்மா, இன்னிக்கு ஒரு நாள் என்னை முடிக்க விடு. மூணு மாசமா மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுறேனே, அது எப்படின்னு கேட்டியா?"

கேக்கல. முன்னாடியெல்லாம் அவர் லாரியிலயே படுத்துத் தூங்குவாரு.

"முன்னாடி லாரி உள்ள போகணும்னா பேப்பர்ல ரெண்டு முத்திரையும் வேணும். துறைமுக முத்திரைக்கு ஒரு ஆபீஸ், கம்பெனி முத்திரைக்கு இன்னொரு ஆபீஸ். அந்தக் கோடியில ஒண்ணு, இந்தக் கோடியில ஒண்ணு. ரெண்டு வரிசை. ரெண்டையும் ஒரே இடத்துல வைங்கன்னு கேட்டா, யாரு யாரு இடத்துக்குப் போறதுன்னு மேல இருக்கிறவங்க அடிச்சுக்கிட்டாங்க. கடைசியில அந்தக் கிளார்க்தான் முத்திரையைப் பையில போட்டுக்கிட்டு, யாரையும் கேக்காம, அந்தப் பொண்ணு மேஜைக்கு வந்து உக்காந்தாரு. அவர் சரிபார்ப்பாரு, அது குத்தும். அவ்வளவுதான்."

வக்கீலம்மா அவரை முழுசா முடிக்க விட்டா. வீட்டுல யாரும் பார்த்திருக்காத காட்சி அது.

மைக்கை வாங்க ஒருத்தர் வந்தாரு. அவ குடுக்கல. கடைசி வரிசைப் பக்கம் திரும்பி, நான் பார்த்தேனே தவிர விசாரிக்கல, என்னை மன்னிச்சுடுங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னா. அப்புறம் மேடையைப் பார்த்தா.

"சார், இந்த ஒரு வருஷத்துல அரசும் தனியாரும் ஒண்ணா உக்காந்தது அந்த ஒரே ஒரு மேஜையிலதான். அதைத்தான் நான் குத்தம்னு காட்டினேன், நீங்க சாதனைன்னு காட்டினீங்க. இப்ப அந்த ரெண்டு பேரையும் அனுப்பிட்டா, நாளைக்கு அவங்க இடத்துல உக்காரப்போறது உங்கள்ல யாரு? ஒருத்தர் காதுல ஒருத்தர் சொல்லிக்க வேண்டாம், மைக்ல சொல்லுங்க."